இணையம் எங்கே அறுந்தது?

இரவு மணி 9.40. இடுபணியை 10 மணிக்குள் அனுப்பியாக வேண்டும். கணினியோ 'இணைய இணைப்பு இல்லை' என்கிறது. உடனே நீங்கள் என்ன செய்வீர்கள்? கம்பிகளைப் பிடுங்குவது, கணினியை அணைப்பது, ரவுட்டரின் சிறு துளையில் ஊசியால் குத்துவது என எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்பவர்கள் பலர். அப்படிச் செய்தால், இணையம் திரும்பினாலும் எதனால் திரும்பியது என்று தெரியாது.

அறிவியல் கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும்தானே மாற்றுகிறோம்? அதே விதி இங்கும் பொருந்தும். கணினி, ரவுட்டர், சுவரில் உள்ள ஃபைபர் பெட்டி, இணையச் சேவை நிறுவனம், நீங்கள் தேடும் இணையத்தளம் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். அறுந்த கண்ணியைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

முதல் சோதனை: கைப்பேசி

கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஓர் இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு உங்கள் கணினியில். திறக்காவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. மொபைல் டேட்டாவை அணைக்க மறந்தால் முடிவு தவறாகிவிடும்.

இரண்டாவது: விளக்குகள்

கைப்பேசியிலும் இணையம் வரவில்லையா? ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் இழைக்குள் ஒளி முழு அக எதிரொளிப்பால் பயணிக்கிறது. மேசைக்கால் இழையை நசுக்கினாலோ, இழை கூர்மையாக வளைந்தாலோ ஒளி வெளியே கசிந்துவிடும். வளைவை மெதுவாக நேராக்கலாம். ஆனால் இழையைக் கழற்றி அதன் முனையை உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. சிவப்பு விளக்கு அணையாவிட்டால் சேவை நிறுவனத்தை அழைப்பதே வழி.

மூன்றாவது: மறுதொடக்கம்

விளக்குகள் சரியாக இருந்தால் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துத் திறந்து, சில நிமிடங்கள் காத்திருங்கள். அந்தச் சிறு துளையைத் தொடவேண்டாம். அது 'ரீசெட்'. வைஃபையின் பெயர், கடவுச்சொல், நிறுவனம் பதித்த அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடும்.

நான்காவது: முகவரி

கோளாறு கணினியில் என்றால், வைஃபை அமைப்பில் 'ஐபிவி4' முகவரியைப் பாருங்கள். வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறியலாம். வைஃபையை அணைத்து மீண்டும் இணையுங்கள். சரியாகாவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஐந்தாவது: பிங்

முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா? விண்டோஸ் தேடல் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கட்டளைத் திரை திறக்கும். அதில் ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என எழுதுங்கள். இது கூகுள் நடத்தும் ஒரு சேவையகத்தின் முகவரி. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய நிரல் இந்தப் பிங். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியே அதன் பெயருக்குக் காரணம்.

பதில் வந்தால் பாதை திறந்தே இருக்கிறது. அப்படியும் தளம் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் சிக்கல் இருக்கலாம். மூன்றாவது சோதனையை இன்னும் செய்யாவிட்டால் இப்போது செய்யுங்கள். பிறகும் சரியாகாவிட்டால், பெற்றோரிடம் கேட்டு டிஎன்எஸ் அமைப்பை மாற்றிப் பார்க்கலாம்.

சரி, அந்த 9.40 மணி இடுபணி? முதலில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக அதை அனுப்பிவிடுங்கள். சோதனைகளைப் பிறகு நிதானமாகச் செய்து, ஒவ்வொன்றின் முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள். சேவை நிறுவனத்தை அழைக்கும்போது "இணையம் வரவில்லை" என்பதைவிட, "எல்ஓஎஸ் சிவப்பு, கைப்பேசியிலும் வரவில்லை, ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டோம்" என்று சொல்லுங்கள். பாதி விசாரணையை நீங்களே முடித்திருப்பீர்கள்.