கடிகாரத்தோடு தனியே மோதுகிறவர்கள்: முதலிடம் யாருக்கு?

2025 செப்டெம்பர் 21. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உலக சைக்கிள் சம்பியன்ஷிப்பின் ஆண்கள் டைம் ட்ரயல் நடந்துகொண்டிருந்தது. டுவர் டி பிரான்ஸை நான்கு தடவை வென்ற ஸ்லோவேனிய வீரர் டாடெய் பொகாச்சாரை, அவருக்கு இரண்டரை நிமிடம் பிந்திப் புறப்பட்ட பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோல் நடுவீதியில் கடந்து போனார். 40.6 கிலோமீற்றர் ஓட்டம் முடிந்தபோது எவனபோலுக்குத் தங்கம். இரண்டாமிடம் பெற்ற அவுஸ்திரேலியாவின் ஜே வைன் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் நின்றார். உலகின் தலைசிறந்த சைக்கிளோட்டி என்று பலரும் ஒத்துக்கொள்ளும் பொகாச்சாருக்கு அன்று நான்காமிடந்தான்.

சைக்கிளோட்டத்தில் சிறந்தவர் ஒருவர், கடிகாரத்தோடு ஓடுவதில் சிறந்தவர் வேறொருவர். இதெப்படி?

வழமையான வீதி ஓட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் புறப்படுவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக் கொடுக்க, பின்னால் ஒட்டிப் போகிறவர் பலத்தைச் சேமித்துக்கொள்வார். கடைசி 200 மீற்றரில் பாய்ந்து வென்றுவிடலாம். டைம் ட்ரயலில் இந்த வழியெல்லாம் அடைபட்டிருக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். முன்னால் போகிறவரை எட்டிப் பிடித்தாலும் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓட முடியாது. குறைந்த நேரத்தில் வந்தவர் வென்றவர்.

ஆகவே இங்கே பிரதான எதிரி காற்று. இதை நம் கிழக்கிலங்கைக் கரையோரத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். இரு பக்கமும் வயல், மறிக்க ஒரு மரமில்லை, எதிரே மேல் காற்று. ஓடுகிறவர் தன்னையறியாமலே முழங்கையை மடக்கி, நெஞ்சை ஹேண்டிலோடு சாய்த்து, தலையைத் தாழ்த்திவிடுவார். பல கோடி ரூபா செலவில் காற்றுச் சுரங்கங்களில் வைத்து வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அடிப்படையில் இதைத்தான்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவருக்குக் காற்றில்லாத நாளிலும் கச்சான்தான். அவரே அதை உண்டாக்குகிறார். சமதரையில் அந்த வேகத்தில் செலவாகும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகம் கூடும் அளவில் இந்தச் செலவு கூடுவதில்லை, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறவர் 50 ஐ எட்ட வேண்டுமானால், காற்றைத் தள்ள ஏறத்தாழ இரு மடங்கு பலம் வேண்டும். மிதிக்கும் பலத்தை யாரும் இரு மடங்காக்க முடியாது. உடலைக் குறுக்கிக்கொள்ளலாம். காற்றை மறிப்பதில் பெரும்பங்கு சைக்கிளுடையதல்ல, அதன்மேல் இருக்கும் ஆளுடையது.

இதைக் கண்கூடாகக் காட்டிய நாள் 1989 ஜூலை 23. டுவர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் டைம் ட்ரயல். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் லோரன் பிஞோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமண்ட் ஹேண்டிலின் முன்பக்கம் இரண்டு நீள்கொம்புகளைப் பொருத்தி, கைகளை ஒன்றுசேர்த்து முன்னே நீட்டிக்கொண்டு ஓடினார். தலையில் காற்றை வழுக்கவிடும் கவசம். பிஞோன் தலைக்கவசமே போடவில்லை, அவருடைய குடுமி காற்றில் ஆடியது. லெமண்ட் அந்தத் தூரத்தை 26 நிமிடம் 57 விநாடியில் கடந்தார். மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய அந்தப் போட்டியை அவர் வென்றது 8 விநாடியால். அதன் பின் டைம் ட்ரயலில் நீள்கொம்பு வழமையாகிவிட்டது.

சரி, முதலிடம் யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். பதக்கத்தை எண்ணி வரிசைப்படுத்துவது எளிது. உலக டைம் ட்ரயல் பட்டத்தை ஆண்களில் அதிகம் வென்றவர்கள் இருவர், இருவருக்கும் நான்கு. சுவிற்சர்லாந்தின் ஃபேபியன் கன்சலாரா 2006, 2007, 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வென்றார். ஜேர்மனியின் டோனி மார்ட்டின் 2011, 2012, 2013, 2016 இல். அவுஸ்திரேலியாவின் மைக்கல் ரொஜர்ஸுக்கு மூன்று. அதில் 2003 ஆம் ஆண்டுப் பட்டம், முதலில் வந்த டேவிட் மில்லர் ஊக்கமருந்தால் பட்டத்தை இழந்ததால் கைக்கு வந்தது. எவனபோலுக்கும் 2023, 2024, 2025 என்று தொடர்ச்சியாக மூன்று. 1999 இலும் 2001 இலும் வென்ற ஜேர்மனியின் யான் உல்ரிச், பிற்காலத்தில் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டவர். அவரை நான் இந்த வரிசையில் சேர்க்கப் போவதில்லை.

பதக்கக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உலக டைம் ட்ரயல் பட்டம் தொடங்கியதே 1994 இல்தான். பிரான்ஸின் ஜாக் அங்கெட்டில் அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். 19 வயதில், 1953 இல், அக்காலத்தின் மிகப் பெரிய டைம் ட்ரயலான கிராண்ட் பிரீ டி நாசியோனை வென்றவர் அவர். மொத்தம் ஒன்பது தடவை அதை வென்றார். பதக்கத்தை மட்டும் எண்ணினால் அவருக்குப் பூச்சியம். ஸ்பெயினின் மிகெல் இந்துரைன் 1992 இல் லக்சம்பேர்க்கில் 65 கிலோமீற்றர் ஓட்டத்தில் இரண்டாமவரை மூன்று நிமிடம் பின்தள்ளினார். அவரிடமும் உலகப் பட்டம் ஒன்றுதான், 1995 இல் வென்றது.

என் அளவுகோல் வேறு. வீதி மாறினாலும் வெல்கிறாரா என்று பார்க்க வேண்டும். தட்டையான வீதியில் பெரிய உடலுக்கு லாபம்: பலம் கூடுதல், எடை சுமையாகாது. மேட்டில் அதே உடல் இழுவையாகிவிடும்.

இத்தாலியின் பிலிப்போ கன்னாவையும் எவனபோலையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். கன்னா 1.93 மீற்றர் உயரம், 80 கிலோவுக்கு மேல். 2022 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தின் கிரெங்கென் சைக்கிள் ஓடுபாதையில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்தார். எவனபோல் 1.71 மீற்றர்தான், எடையிலும் மிகக் குறைந்தவர். கன்னாவின் கால்பலம் அவருக்குக் கிடையாது. ஆனால் நீள்கொம்பில் குனிந்துவிட்டால் தலை, தோள், முதுகு எல்லாம் ஒரே கோட்டில் அடங்கி, அரை மணிக்கு மேல் அசையாமல் அப்படியே இருப்பார். காற்றுக்கு அவரிடம் பிடித்துக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. உலகப் பட்டப் போட்டியில் 2023 இல் கன்னாவை 12 விநாடியாலும் 2024 இல் 6 விநாடியாலும் முந்தினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மழையில் நனைந்த வீதியில், 15 விநாடி. கிகாலி மேடுகளில் கன்னா போட்டியிலேயே இல்லை.

கத்தார் போய் வந்த நம் ஆட்களுக்கு லுசைலும் பேர்ள் தீவும் தெரியும். 2016 உலகப் பட்டத்தின் 40 கிலோமீற்றர் ஓட்டம் அங்கேதான் நடந்தது. மேடே இல்லாத அந்த வீதியில், வெக்கையில், டோனி மார்ட்டின் 45 விநாடியால் வென்றார். அதே வருடம் ஓகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் மேடுபள்ளமான வீதியில் தங்கம் எடுத்தவர் 35 வயதுக் கன்சலாரா. மேட்டு வீதி அவருக்கு ஒத்துவராது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2008 பெய்ஜிங்கில் எடுத்த தங்கத்தோடு இது இரண்டாவது. மார்ட்டினையும் கன்சலாராவையும் ஒரே தட்டில் வைக்க முடியாமல் செய்வது அந்த ரியோ ஓட்டம்தான்.

ஒரு நாள் அற்புதங்களையும் தனியே வைக்க வேண்டும். 2020 டுவரில் 57 விநாடி பின்னால் இருந்த பொகாச்சார், மலையேறி முடியும் 36.2 கிலோமீற்றர் டைம் ட்ரயலில் பிரிமோஸ் ரொக்லிச்சை 1 நிமிடம் 56 விநாடியால் முந்திப் பட்டத்தைப் பறித்தார். 2023 டுவரில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்ட் 22.4 கிலோமீற்றரில் அதே பொகாச்சாரை 1 நிமிடம் 38 விநாடி பின்தள்ளினார். டைம் ட்ரயல் வரலாற்றின் மிகச் சிறந்த நாள்கள் இவை. ஆனால் மூன்று வார ஓட்டத்தின் களைப்புக்குள், மேட்டு வீதியில் நடந்தவை. இவர்கள் மலையேறிகள். டைம் ட்ரயல் இவர்களுக்கு ஓர் ஆயுதம், தொழிலல்ல.

பெண்களில் அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ரோங்குக்கு நிகராக எவரையும் சொல்ல மாட்டேன். 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். கடைசித் தங்கம் 43 ஆவது பிறந்தநாளுக்கு முந்திய நாள். 2025 கிகாலியில் உலகப் பட்டத்தை வென்றவர் சுவிற்சர்லாந்தின் மார்லன் ரொய்சர். மருத்துவராக வேலை பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர்.

ஆண்களில் என் வரிசை இது. இன்று ஓடுகிறவர்களில் எவனபோல் முதலாவது, கன்னா இரண்டாவது; இருவருக்கும் இடையில் இப்போது நல்ல தூரம் விழுந்துவிட்டது. 1994 க்குப் பிந்திய காலம் முழுவதற்கும் கன்சலாரா முதலாவது. எட்டு வருட இடைவெளியில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், அதோடு நான்கு உலகப் பட்டம், வகைவகையான வீதிகள். 2025 இல் எவனபோலுக்கு வயது 25 தான். இன்னொரு உலகப் பட்டம் கிடைத்தால் இந்த வரிசையை மாற்றி எழுதுவேன்.

நம் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாக்காலச் சைக்கிள் ஓட்டங்களில் எல்லோரையும் ஒரே நேரத்தில் சனநெருக்கமான பிரதான வீதியில் இறக்கிவிடுகிறோம். அதோடு ஒரு டைம் ட்ரயலையும் சேர்த்துப் பாருங்கள். சுபஹ் தொழுகை முடிந்து வீதி வெறிச்சோடியிருக்கும் நேரத்தில், கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை, நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புங்கள். நேரம் பார்க்க இரண்டு பேர், சந்திகளில் மறித்து நிற்கச் சில தொண்டர்கள், ஓடுகிறவர் தலையில் கவசம். வீட்டில் இருக்கும் லுமாலா சைக்கிளே போதும்.