பாப்பாவுக்கு முதல் சைக்கிள்

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ ஒரு நாள் அது உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்குச் சைக்கிள்!" என்று கேட்கத்தான் போகிறது. எதிர்வீட்டுப் பையனிடம் இருக்கிறது, மாடிவீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது என்று சாட்சிகளையும் கூப்பிடும். நீங்களும் எத்தனை நாள்தான் தாக்குப் பிடிப்பீர்கள்? கடைசியில் சரி என்று சொல்லிவிடுவீர்கள். கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்களேன்.

அமெரிக்கா, கனடா போன்ற பனி தேசங்களில் சின்னக் குழந்தைகளுக்கென்றே பனியின் மேல் ஓடும் மோட்டார் வண்டி விற்கிறார்கள். அது ஓர் அளவுக்கு மேல் வேகம் போகாது. வண்டிக்கும் குழந்தையின் சட்டைக்கும் ஒரு கயிறு மாட்டியிருக்கும். குழந்தை விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். நமக்கு ஏது பனி? நம் வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் வாகனம் சைக்கிள்தான். அதில் அப்படிக் கயிறு எதுவும் கிடையாது. வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டியிருக்கிறது.

யோசிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் ஸ்ரீமுஷ்ணத்தில் பார்த்தேன். பூவராகப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் அதே ஸ்ரீமுஷ்ணம்தான். விருத்தாசலத்தில் ரயிலைவிட்டு இறங்கிப் பஸ் ஏற வேண்டும். என் அண்ணன் மகளை அந்த ஊரில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு ஒன்பது வயது. இளையவள், பாப்பா, ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது.

நான் போய் இறங்கிய அன்று கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு சைக்கிள் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். நீல நிறம். கேரியர், கூடை எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. தூசி மட்டும் ஒரு விரற்கடை. "யாருடையது?" என்று கேட்டேன். பையன் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டான்.

பிறகு அவன் அம்மா சொன்னாள். அவனுக்கு ஐந்து வயதில் வாங்கியதாம். 20 அங்குலச் சக்கரம். "வளர்கிற பிள்ளை, இரண்டு வருஷத்தில் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. சீட்டில் உட்கார்ந்தால் பையனுக்குக் கால் தரையில் எட்டவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி சாய்ந்தது. ஊன்றிக்கொள்ளக் கால் இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு ஒரு மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் பையன் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் சிரித்தாலும் சரி, தொடுவதில்லை.

இந்த நிலைமையில்தான் பாப்பா தனக்கும் சைக்கிள் வேண்டும் என்றாள். அப்பாவுக்குப் பயம், அம்மாவுக்குச் சபலம். சம்பந்தியம்மாள் மட்டும் தெளிவாக இருந்தார்கள். "பெண் குழந்தைக்கு இப்போது என்ன சைக்கிள் அவசரம்? பதினோராம் வகுப்பு வந்தால் சர்க்காரே கொடுக்கிறது!"

கொடுக்கிறது, வாஸ்தவம்தான். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், பின்னால் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகள் எல்லாருக்கும் விரிந்துவிட்டது. ஆனால், "ஓட்டத் தெரியாமல் வாங்கி என்ன செய்வது, சம்பந்தியம்மா?" என்று கேட்டேன். பாப்பாவின் அம்மாவுக்கும் ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதை அப்போது நான் ஞாபகப்படுத்தவில்லை. எங்கள் காலத்தில் மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள் அண்ணன்மார்தான். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போய், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம், அது இன்னும் சௌகரியம் என்றார்களாம்! முப்பது வயதில் அவர்கள் பட்ட சிரமத்தைப் பாப்பா ஏன் படவேண்டும்?

கடைசியில் சம்பந்தியம்மாள் இறங்கி வந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். வளர்கிற குழந்தை."

பார்த்தீர்களா, அதே பேச்சு! பட்டுப் பாவாடைக்கு டக் வைத்துத் தைத்து வருஷா வருஷம் பிரித்து விடுகிறோம். ஸ்கூல் யூனிபாரத்தை ஒரு சுற்றுப் பெரிதாக எடுக்கிறோம். அந்தச் சிக்கனப் புத்தி சைக்கிள் கடை வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. பாவாடை பெரிதாக இருந்தால் குழந்தை தடுக்கி விழும், அவ்வளவுதான். சைக்கிள் பெரிதாக இருந்தால் பிரேக்கே எட்டாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுத்தோம். குழந்தையைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். கால்களுக்கு நடுவே ஓர் அட்டை நோட்டுப் புத்தகத்தை வைத்து, தொடைகள் சேரும் இடம் வரை மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு 19 அங்குலம் வந்தது. சைக்கிள் சீட்டை அடியோடு இறக்கினால் தரையிலிருந்து அந்த உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும். வயதைச் சொல்லி வாங்குவதைவிடக் காலைச் சொல்லி வாங்குவதே சரி. உத்தேசமாகச் சொன்னால், மூன்று வயதில் 12 அங்குலச் சக்கரம், ஐந்து வயதில் 16 அங்குலம், ஏழு வயதில் 20 அங்குலம் பொருந்தலாம். ஒரே வயதில் நெட்டைக் குழந்தையும் உண்டு, குட்டைக் குழந்தையும் உண்டு. அளவு நாடாவை நம்புங்கள்.

விருத்தாசலத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் அவரும், "16 வாங்கினால் இரண்டு வருஷம்தான் வரும், அம்மா. 20 எடுங்கள், பத்து வயது வரை கவலை இல்லை" என்றார். 20 அங்குல வண்டியில் பாப்பாவைத் தூக்கி உட்கார வைத்தோம். சீட்டை எவ்வளவு இறக்கியும் 24 அங்குலத்துக்குக் கீழே வரவில்லை. கட்டை விரல்கூடத் தரையைத் தொடவில்லை. பாப்பாவின் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் 16 அங்குலம் இருந்த பக்கம் நடந்தார்.

அந்த வரிசையில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. ரோஸ் நிறம், பொம்மைப் படம், கூடை, பாட்டில், கைப்பிடியில் தொங்கும் குஞ்சலம்! பாப்பாவின் கண் குஞ்சலத்தை விட்டு நகரவில்லை. இருக்கட்டும், நிறத்தை மட்டும் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வண்டியைத் தரையில் படுக்க வைத்து, "தூக்கி நிறுத்து, பார்க்கலாம்" என்று குழந்தையிடம் சொல்லுங்கள். நிறுத்த முடியாத வண்டி கனமான வண்டி. கேரியரும் கூடையும் கழற்றினால் கொஞ்சம் இளைக்கும். பிறகு பிரேக். குழந்தையின் விரல் கைப்பிடியில் இருந்தபடியே பிரேக் கம்பியை எட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்து அழுத்தினால் சக்கரம் நிற்க வேண்டும். நாம் அழுத்திப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயன் இல்லை. பல வண்டிகளில் பிரேக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் கம்பி கைப்பிடிக்கு அருகே வரும். கடைக்காரரிடமே செய்து தரச் சொல்லலாம். செயினை முழுக்க மூடும் கவர் அவசியம். பாவாடையும் துப்பட்டாவும் அதில் மாட்டிக்கொண்டால் பிறகு குழந்தை போகிற திசையை நாம் தீர்மானிக்க முடியாது.

டயர் விஷயத்தில் ஒரு கதை உண்டு. 1887-ல் பெல்பாஸ்ட் நகரில் இருந்த டன்லப் என்ற மாட்டு வைத்தியர், கெட்டி ரப்பர் சக்கரத்தில் தன் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி தடதடவென்று குலுங்குவதைப் பார்த்து, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். மறு வருஷமே அதற்குப் பேடண்டும் வாங்கினார். இன்று லாரி முதல் ஆகாய விமானம் வரை எல்லாம் காற்று டயரில் ஓடுகின்றன. அத்தனைக்கும் ஆரம்பம் ஒரு குழந்தையின் வண்டிதான்! ஆகையால் பஞ்சர் ஆகாது என்று ஆசை காட்டிக் கெட்டி டயர் வண்டியைக் கொடுத்தால், நம் தெருக்களை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தலைக்கவசத்தையும் அங்கேயே வாங்கினோம். குழந்தை ஒன்றும் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை அல்ல என்று சம்பந்தியம்மாள் கிண்டல் செய்தார்கள். முழங்கால் சிராய்த்தால் ஆறிவிடும்; தலையை அப்படி விட முடியுமா? கவசத்தின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். நெற்றி தெரியப் பின்னுக்குத் தள்ளிப் போடுவது வெறும் அலங்காரம். உச்சியில் கொண்டை போட்டுப் பூ வைத்தால் கவசம் தலையில் உட்காராது. பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிப் போடுங்கள்.

வண்டியோடு இரண்டு பக்கச் சக்கரங்களும் வந்தன. அவற்றை மாட்டவே வேண்டாம் என்றேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நீங்களே யோசியுங்கள்: சைக்கிள் திரும்பும்போது உள்பக்கம் சாய வேண்டும். பக்கச் சக்கரம் சாய விடாது. ஆக, குழந்தை பெடல் மிதிக்கக் கற்றுக்கொள்ளுமே தவிர, சமன் பிடிக்கக் கற்றுக்கொள்ளாது. மேடு பள்ளமான தெருவில் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறிவிட்டால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும்; பின் பிரேக்கும் பிடிக்காது.

அதற்குப் பதில் பெடல்களைக் கழற்றிவிட்டோம்! 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் முதல் இரு சக்கர வண்டியைச் செய்தபோது அதில் பெடலே கிடையாது. உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். பெடல் வந்தது 1860-களில்தான். உலகம் கற்றுக்கொண்ட வரிசையிலேயே குழந்தையும் கற்றுக்கொள்ளட்டும். ஸ்பேனர் போடும்போது ஒன்று கவனியுங்கள். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும்; இடது பெடலின் மறை தலைகீழ், வலப்பக்கம் திருக வேண்டும். இது தெரியாமல் பாப்பாவின் அப்பா கால் மணி நேரம் வியர்வை சிந்தினார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? சென்னையில் என் பேரனுக்குக் கழற்றும்போது பட்ட அவஸ்தைதான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தேர் ஓடும் வீதிக்குப் போனோம். அகலமான வீதி. வண்டி வாசி ஓய்ந்திருந்த நேரம். பாப்பா வாத்து மாதிரி அடியெடுத்து வைத்து வண்டியைத் தள்ளினாள். அரை மணியில் அடி நீண்டது. மறுநாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நாலு முழம் மிதந்தாள். ஆனால் எங்களைப் பார்த்துச் சிரிக்க முகத்தைத் திருப்பினாள். வண்டியும் நேரே எங்களிடமே வந்தது! அந்த ஊர்ப் பெருமாள் இடுப்பில் கை வைத்து, மேற்கே பார்த்து நின்று, திருமுகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். அது அவருக்கு அழகு. சைக்கிள் ஓட்டுகிற குழந்தைக்கு ஆகாது. கண் போகிற பக்கம்தான் சக்கரமும் போகும். "தூரத்தில் அந்த மின்கம்பத்தைப் பார்" என்று சொன்ன பிறகு வண்டி நேராக ஓடிற்று. இல்லை, கம்பத்தையே பார்த்துக்கொண்டு கம்பத்தை நோக்கி ஓடிற்று. ஆகையால் நீங்கள் கம்பத்தைக் காட்டாதீர்கள், தெருக்கோடியைக் காட்டுங்கள். நல்ல வேளையாகப் பிரேக்கை முதலிலேயே பழக்கியிருந்தோம். பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள்.

நாலாம் நாள் பெடலை மாட்டினோம். நான் பின்னால் ஓட வேண்டியிருக்குமே என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். ஓடவே இல்லை. பாப்பா தானாக மிதித்து வீதிக் கோடி வரை போய்விட்டாள். சம்பந்தியம்மாள் வாசற்படியிலிருந்து, "மெள்ளப் போ, கண்ணு! மெள்ள!" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். குரலில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

மறுநாள் விடியற்காலையில் எனக்குப் பஸ். காப்பிக்காகக் கொல்லைப்புறம் போனேன். நீலச் சைக்கிள் மாட்டிய இடத்தில் இல்லை. கீழே, தூசி துடைத்து, சுவரில் சாய்ந்து நின்றது. பையன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். சீட்டில் உட்கார்ந்து காட்டச் சொன்னேன். இரண்டு பாதமும் அழகாகத் தரையில் பதிந்தன. நாலு வருஷத்தில் சைக்கிள் அப்படியே இருக்க, அவன்தான் வளர்ந்திருந்தான்.

"அத்தைப் பாட்டி, இதிலும் பெடல் கழற்ற முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டான். "பாப்பா எழுந்திருப்பதற்குள்."

நான் ஸ்பேனரைத் தேடினேன். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் இருக்கிறது.