பழைய வீட்டு மரத்தில் கடைச்சல் வேலை

நீங்கள் திரும்பி வந்த வளவில் கூரை இல்லாமல் இருக்கலாம். ஆனால் மரம் கிடக்கும். முறிந்த தீராந்தி, பாதி எரிந்த கைமரம், கதவு நிலை, யன்னல் சட்டம், எறிகணையில் சரிந்த பூவரசு என வளவைத் துப்புரவு செய்யும்போது ஒரு குவியல் சேரும். அதில் பெரும்பகுதி அடுப்புக்குப் போய்விடுகிறது.

வன்னியின் பழைய வீடுகளில் முதிரையும் பாலையும் நிறைய உண்டு. பல வருடங்கள் கூரைக்குக் கீழே இருந்து நன்றாகக் காய்ந்த மரம் கடைச்சலுக்கு மிகவும் ஏற்றது. பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் காயும்போது நெளியும், வெடிக்கும். பழைய தீராந்தியில் கடைந்த கிண்ணத்துக்கு அந்தப் பயம் குறைவு.

ஆனால் போர் நடந்த இடத்து மரம் மற்ற மரங்களைப் போன்றதல்ல. அதைப் பட்டறையில் ஏற்றுவதற்கு முன் நான்கு விடயங்களைப் பார்க்கவேண்டும். மரம் எங்கே கிடக்கிறது, யாருக்குச் சொந்தம், வீட்டுக்கு உதவுமா, உள்ளே என்ன இருக்கிறது என்பவையே அவை.

1. எங்கே கிடக்கிறது?

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியிலிருந்து மட்டும் மரம் எடுங்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை, மண்டையோட்டுப் படம், கயிறு கட்டிய எல்லை ஆகியவற்றுக்கு அப்பால் எவ்வளவு நல்ல மரம் கிடந்தாலும் போகவேண்டாம். பதுங்குகுழிகளுக்கு மூடிய மரக்குற்றிகளை நீங்களாக இழுக்கவேண்டாம். குற்றிக்குக் கீழேயோ மண்ணுக்குள்ளேயோ வெடிபொருள் இருக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ (119) அறிவியுங்கள்.

2. யாருடைய மரம்?

பக்கத்து வளவில் ஆட்கள் இல்லை என்பதால் அந்த மரம் உரிமையாளர் இல்லாத மரம் ஆகிவிடாது. அவர்கள் முகாமில், உறவினர் வீட்டில், அல்லது வெளிநாட்டில் இருக்கலாம். அவர்கள் திரும்பி வரும்போது தங்கள் வீட்டு நிலையை உங்கள் பட்டறையில் காணக்கூடாது. உரிமையாளரிடம் கேளுங்கள். இயலாவிட்டால் கிராம அலுவலர் முன்னிலையில் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் தேவைப்படும். சில இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றை வெட்டுவது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் முன் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வீட்டுக்கு உதவுமா?

கூரையைத் தாங்கக்கூடிய மரத்தைக் கிண்ணத்துக்கு வெட்டாதீர்கள். ஒரு நல்ல தீராந்தியின் விலை அதில் கடையும் கிண்ணங்களின் விலையை விட உங்களுக்குப் பெரியது. நீளமும் நேரும் உள்ளவற்றை முதலில் பிரித்து வீட்டு வேலைக்கு வையுங்கள். முறிந்தவை, நுனி எரிந்தவை, குறுகியவைதான் கடைச்சலுக்கு. 6 அங்குல அகலமும் 4 அங்குலத் தடிப்பும் உள்ள தீராந்தித் துண்டில் 5 அங்குலத்துக்கு மேல் அகலமான கிண்ணம் வரும். கைமரத் துண்டுகளில் பிடி, மத்து, பம்பரம் வரும்.

4. உள்ளே என்ன இருக்கிறது?

சுழலும் மரத்துக்குள் ஒரு ஆணியோ சன்னமோ எறிகணைச் சிதறலோ இருந்தால் உளி உடையும், அல்லது அந்த இரும்பு உங்கள் முகத்துக்கு வரும். ஆகவே:

• ஆணிகள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். உடைந்து உள்ளே நின்ற ஆணியைச் சுற்றி மரம் கறுநீலமாகக் கறைபட்டிருக்கும். அந்தக் கறையே உங்களுக்கு அடையாளம்.
• பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மரத்தின் நான்கு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் இழுக்கும். ஆனால் ஈயத்தையும் பித்தளையையும் காந்தம் காட்டாது. துளை இருந்தால், காந்தம் இழுக்காவிட்டாலும் அந்தத் துண்டை ஒதுக்குங்கள்.
• நின்ற மரத்தில் பாய்ந்த சிதறலைப் பட்டை வளர்ந்து மூடியிருக்கும். பட்டையில் தழும்போ வீக்கமோ உள்ள இடத்தில் கடையவேண்டாம்.
• வெடிக்காத ஏதோ ஒன்று மரத்தில் சிக்கியிருப்பதாகத் தோன்றினால் நோண்டாதீர்கள், வாள் போடாதீர்கள். விலகிச் சென்று அறிவியுங்கள்.

ஒதுக்கிய மரத்தை அடுப்பில் வைக்காதீர்கள். வெடிக்காத சன்னம் தீயில் வெடிக்கும். வீட்டில் சமைப்பவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பெயின்ற் பூசிய கதவிலும் தார் மணக்கும் ரயில் பாதைக் கட்டையிலும் உணவுப் பாத்திரம் செய்யவேண்டாம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். தார் எண்ணெய் ஏற்றிய கட்டை நஞ்சு.

எந்த மரம் எதற்கு?

பூவரசு: கிண்ணம், தட்டு. உணவுக்குச் சுவையோ மணமோ ஏற்றாது. வேலியில் நின்று முறிந்த மரமும் உதவும்.
முதிரை: பொன்னிறமாக மினுங்கும், நல்ல விலைக்குப் போகும். ஆனால் இதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் சிவப்பும் தரும்.
பாலை: மிகக் கடினம், பாரம். உலக்கை, மண்வெட்டிப் பிடி, கோடரிப் பிடி. உளியை அடிக்கடி தீட்டவேண்டிவரும்.
வேம்பு: பிடிகள், பம்பரம், விளையாட்டுப் பொருட்கள்.
பனை: நார் பிரிந்து சிராய் ஏற்றும், உள்பகுதி மெதுமை. கிண்ணத்துக்கு ஏற்றதல்ல. வைரப்பகுதியைக் கூரைக்கு வையுங்கள்.

காஞ்சூரை (எட்டி), தில்லை, அலரி ஆகியவற்றைப் பட்டறைக்கே கொண்டுவராதீர்கள். மூன்றும் நஞ்சு.

பட்டறை

மின்சாரம் இன்னும் வராத இடத்தில் மிதி பட்டறை அமைக்கலாம். மேலே வளையக்கூடிய நீண்ட தடி ஒன்று. அதன் நுனியில் கட்டிய கயிறு, கடையும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே மிதிகட்டைக்கு வரும். மிதித்தால் மரம் உங்கள் பக்கம் சுழலும். காலை எடுத்தால் தடி நிமிர்ந்து மரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றும். மிதிக்கும்போது மட்டும் உளி வெட்டவேண்டும். பிடி, மத்து போன்ற நீளப் பொருட்களுக்கு இது போதும். காய்ந்த பாலையும் முதிரையும் இதற்குக் கடினம். வேம்பு, பூவரசு ஆகியவற்றில் தொடங்குங்கள்.

மின்மோட்டர் என்றால் அரைக் குதிரைவலு போதும். வேகத்தைக் கப்பியின் அளவால் மாற்றலாம். நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழலும் மோட்டரில் 3 அங்குலக் கப்பியும் பட்டறைத் தண்டில் 6 அங்குலக் கப்பியும் போட்டால் மரம் 720 சுற்றுச் சுழலும். கிண்ண வேலைக்கு இந்த வேகத்தில் தொடங்குங்கள். மரம் அகலமாக அகலமாக வேகம் குறையவேண்டும்.

உளிகளை லொறி வில்லுத்தகட்டில் கொல்லுப்பட்டறையில் அடிப்பிக்கலாம். பழைய அரத்தை உளியாக்கவேண்டாம். அது கடினம், ஆனால் சடுதியாக முறியும்.

கடையும் முறை

மரத்தின் மூலைகளை முதலில் வாளால் வெட்டி எண்கோணமாக்குங்கள். கிண்ணத் துண்டை முகத்தகட்டில் திருகாணிகளால் இறுக்குங்கள். ஆணி அடிக்கவேண்டாம். உளி தாங்கியை மரத்திலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் தள்ளி வைக்காதீர்கள். ஆளியைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பாருங்கள்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் வெட்டுங்கள். நீளப் பொருளில் தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கு வெட்டுங்கள். எதிர்ப்பக்கமாக வெட்டினால் நார் கிழியும். முதல் கிண்ணங்களுக்கு அரை அங்குலச் சுவர் விடுங்கள். திருகாணி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அதை மறந்து குடைந்தால் அடியில் துளை விழும், உளி திருகாணியில் மோதும்.

உணவுக் கிண்ணத்துக்கு ஒரு பங்கு தேன்மெழுகை மூன்று பங்கு தேங்காயெண்ணெயில் கரைத்துப் பூசுங்கள். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்கவேண்டும், நேரடி நெருப்பில் வேண்டாம். வாகனக் கழிவு எண்ணெய் ஒருபோதும் வேண்டாம்.

உங்கள் உடல்

கண்ணாடி இல்லாமல் பட்டறையில் நிற்காதீர்கள். மூக்கையும் வாயையும் மூடுங்கள். மரத்தூள் வருடக்கணக்கில் உள்ளே போனால் மூக்கையும் நுரையீரலையும் கெடுக்கும். மோதிரம், தொங்கும் சால்வை, நீளக் கைச்சட்டை, கையுறை வேண்டாம். பின்னலை மேலே முடிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை மரம் சுழலும் திசைக்கு நேரே நிற்கவிடாதீர்கள்.

எதில் தொடங்குவது?

கிண்ணம் அழகானது, ஆனால் உங்கள் ஊரில் இன்று அதை வாங்குபவர் குறைவு. திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மண்வெட்டிப் பிடி வேண்டும், மத்து வேண்டும், இடியப்ப உரல் வேண்டும். அவற்றில் கை பழகும், கையில் காசும் வரும். விலை சொல்லும்போது மரம் சும்மா கிடைத்தது என்று எண்ணாதீர்கள். ஆணி பிடுங்கிய நேரம், உளி தீட்டிய நேரம், அரத்தாள், மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். கிண்ணங்களைப் பிறகு செய்து, நகரக் கடைகளுக்குக் காட்டலாம்.

உங்கள் சொந்த வீட்டு மரத்தில் ஒரு சிறு துண்டை உங்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள். கை நன்றாகப் பழகிய பிறகு அதில் ஒரு கிண்ணம் கடைந்து புது வீட்டில் வையுங்கள். அதை விற்கவேண்டியதில்லை.

நினைவில் வைத்திருங்கள்

• துப்புரவாக்கிய காணியில் மட்டும் மரம் எடுங்கள்.
• பிறர் வளவு மரத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.
• கூரைக்கு உதவும் மரத்தை வெட்டாதீர்கள்.
• துளையும் கறையும் உள்ள துண்டைக் கடையவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.
• சந்தேகம் இருந்தால் வேலையை நிறுத்துங்கள், எமது வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.