பார்வை எண்

கணிப்பொறி அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், தம்முடைய நிரல் பயனருக்கு விடை சொல்ல நான்கு விநாடி எடுத்துக்கொள்வதாகவும், அது உதவிக்கு அழைக்கும் மூன்று சர்வர்களைப் பராமரிக்கும் குழுவினரோ தங்கள் பக்கத்தில் தாமதமே இல்லையென்று லாக் குறிப்புகளைக் காட்டிச் சாதிப்பதாகவும், இந்த வழக்கை எவ்வாறு தீர்ப்பதென்றும் கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு கோரிக்கை சர்வர் சர்வராகப் போகும் வழியையும் ஒவ்வோரிடத்திலும் அது எடுக்கும் நேரத்தையும் ஒரே நூலில் கோத்துப் பதிவு செய்யும் டிரேஸிங் என்ற வித்தைதான் இதற்குச் சாட்சி சொல்லவேண்டும். அதிலும், நிரலிலிருந்து வெளியே புறப்படும் கோரிக்கைகளுக்கு அதைச் சேர்ப்பது பற்றியே நான் எழுத விரும்புகிறேன், ஏனெனில் நூல் அறுவது பெரும்பாலும் அந்த வாசற்படியில்தான்.

இளமையில் ஒரு கச்சேரியில் கடிதம் அனுப்பும் குமாஸ்தாவாக நான் இருந்த காலத்தில், வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் ‘பார்வை’ என்றெழுதி முந்திய கடிதத்தின் எண்ணைக் குறிப்பது சம்பிரதாயம். அந்த வரி விடுபட்ட கடிதம் தொலைந்துபோவதில்லை. ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் பெறுகிறவர்கள் அதற்குப் புதிய எண் கொடுத்துப் புதிய கோப்புத் திறந்துவிடுவார்கள். ஒரு விதவையின் பென்ஷன் மனு இவ்விதம் இரண்டு கோப்புகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று அறியாமல் பல மாதங்கள் கிடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு வகுத்தளித்த டிரேஸ்பேரன்ட் என்ற ஹெடர் இந்தப் பார்வை வரியேதான். மொத்தம் 55 எழுத்துகள்: பதிப்பைச் சொல்லும் இரண்டு இலக்கம், பிரயாணம் முழுவதற்கும் மாறாத 32 இலக்க டிரேஸ் எண், அனுப்புகிறவரின் ஸ்பானுக்குரிய (ஒரு வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பதிவுக்கு ஸ்பான் என்று பெயர்) 16 இலக்க எண், பதிவு செய்யப்படுகிறதா என்று காட்டும் இரண்டு இலக்கம், இடையில் மூன்று சிறு கோடுகள். கோரிக்கை புறப்படுமுன் நிரல் ஒரு ஸ்பானைத் திறந்து, தொடக்க நேரத்தைக் குறித்து, அதன் எண்ணை ஹெடரில் பொறித்து அனுப்புகிறது. விடை வந்ததும் அதன் நிலைக் குறியீட்டை எழுதி மூடுகிறது. பெறும் சர்வர் அந்த எண்ணைத் தன் தாயாக ஏற்றுக்கொள்கிறது. ஹெடர் இல்லாவிட்டாலோ, அது நிரபராதியாகப் புதிய டிரேஸ் எண்ணை உண்டாக்கிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் எங்கும் எழாது. கச்சேரியில் நடந்த அதே விபத்து.

இதில் என் மனத்தை மிகக் கவர்ந்த விசித்திரம் ஒன்றுண்டு. இரண்டு யந்திரங்களின் கடிகாரங்கள் சில மில்லிவிநாடி வேறுபட்டிருந்தால், தாய் ஸ்பான் பிறக்குமுன்பே குழந்தை ஸ்பான் பிறந்துவிட்டதாக டிரேஸை வரைந்து காட்டும் படத்தில் தெரியும்! கூகுள் நிறுவனத்தார் 2010-இல் டாப்பர் என்ற தங்கள் டிரேஸிங் ஏற்பாட்டைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இதற்கொரு நியாயம் சொல்லியிருக்கிறார்கள்: கோரிக்கை பெறப்படுமுன் அனுப்பப்பட்டே தீரவேண்டும், விடையும் அவ்வாறே, ஆகையால் சர்வரின் கடிகாரம் என்ன சொன்னாலும், அதன் காரியத்துக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் அனுப்புகிறவரின் குறிப்புகளிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. கடிகாரத்தைவிடக் காரண காரியத் தொடர்ச்சியை நம்பும் இந்த விவேகம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆயினும் இந்த அரிய கருவியை அலட்சியமாகக் கையாளுகிறவர்களே அதிகம். கோரிக்கை தோல்வியுற்றால் ஸ்பானை மூடாமல் விட்டுவிடுகிறார்கள். எதைத் தேடுகிறோமோ அதுவே பதிவேட்டில் இல்லாமற் போகிறது. வேலையை வேறொரு திரெட்டிடம் ஒப்படைக்கும்போது டிரேஸ் எண்ணை உடன் கொடுக்க மறக்கிறார்கள். ஓப்பன்டெலிமெட்ரி போன்ற பொது நூலகங்கள் எச்டிடிபி கிளையன்டை ஒரே இடத்தில் போர்த்திவிட வழி செய்திருக்க, அழைப்புக்கு அழைப்பு கையால் எழுதிச் சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். இவை யாவற்றினும் கொடியது, உடன் செல்லும் பேகேஜ் என்ற ஹெடரில் பயனரின் தொலைபேசி எண்ணைப் போன்றவற்றை இட்டு, அறியாத அந்நிய நிறுவனங்களின் சர்வர்வரை அனுப்பிவிடுவது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் கடித உறையின் மேல் எழுதி அனுப்ப நமக்கு என்ன அதிகாரம்?

அன்பர் தம் மூன்று அழைப்புகளுக்கும் இரு பக்கத்து ஸ்பான்களையும் அருகருகே வைத்து, அனுப்பும் ஸ்பானின் கால அளவிலிருந்து பெறும் ஸ்பானின் கால அளவைக் கழிக்கட்டும். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தாலேயே தொடக்கமும் முடிவும் அளக்கப்பட்டதால் கடிகாரப் பிணக்கு இங்கே குறுக்கிடாது. மிச்சம் பெரிதாயிருந்தால், மூன்று குழுவினரும் உண்மையே சொன்னார்கள்; நேரம் கழிந்தது வழியில், அல்லது அவருடைய நிரலுக்குள்ளேயே ஓர் இணைப்பு கிடைப்பதற்காகக் கோரிக்கை வரிசையில் காத்து நின்ற இடத்தில்.