லேஸ் பின்னும் திண்டைத் தேர்ந்தெடுத்தல்

தறியில் பாவு தளர்ந்தால் துணி கெடும் என்பதை நெசவாளர் அறிவர். நூற்கட்டைகளைக் கொண்டு பின்னும் லேசுக்குத் திண்டே தறியாகும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்பித்த கைத்தொழில் இதுவே. துளையிட்ட அட்டையைத் திண்டின்மேல் பொருத்தி, துளைதோறும் குண்டூசி குத்தி, பின்னிய நூலை அதில் நிறுத்துவர். ஊசி சாய்ந்தால் கண்ணி தளரும்; பல நாள் உழைப்பைப் பிரிக்க நேரிடும்.

ஆகவே வாங்குமுன் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்; குழி விழலாகாது. குண்டூசி ஒன்றைப் பாதியளவு குத்தி, தலையைப் பக்கவாட்டில் தட்டுங்கள். அது அசையாது நிற்கவேண்டும். பொடியாக நறுக்கிய வைக்கோலை இடித்து இறுக்கிய திண்டு இச்சோதனையில் தேறும். பஞ்சுத் தலையணை எவ்வளவு அழகாயிருப்பினும் உதவாது. இக்காலத்துச் செயற்கை நுரைத் திண்டுகள் சுமக்க இலேசானவை. எனினும் ஒரே இடத்தில் பன்முறை குத்தினால் துளை அகன்றுவிடும்.

வடிவம் வேலையைப் பொறுத்தது. முழக்கணக்கில் நீளும் கரை லேசுக்கு உருளைத் திண்டே ஏற்றது. பின்னப் பின்ன உருட்டிக்கொள்ளலாம். இலங்கையில் காலிப் பகுதியின் பீரளு லேஸ் அவ்வாறே பின்னப்படுகிறது. இங்கிலாந்தின் ஹானிடன் லேசிலோ பூவும் இலையும் தனித்தனியே பின்னப்படுவதால், எப்புறமும் திருப்பத்தக்க வட்டத் திண்டு வேண்டும். அதன் மேடு மிகுந்தால் கட்டைகள் சரிந்து விழும்.

மேலுறை கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ இருப்பின் வெண்ணூல் கண்ணுக்குத் தெளிவாய்த் தெரியும். துணியை முன்னதாகவே துவைத்துச் சாயம் போகாததை உறுதி செய்துகொள்ளுங்கள்.