மேலே கயிறு பிடிக்க ஆள் இருக்கா?

தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி ஆள் இறங்குவார். அடியில் ஒரு நிமிஷம்போல இருப்பார். சிப்பி பொறுக்கியதும் கயிற்றை ஓர் இழு... படகில் இருப்பவர் தூக்கிவிடுவார். அந்தக் கயிற்றைப் பிடிக்கிற வேலையைப் பெண்டாட்டியின் தம்பிக்குத்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. காரணம்? அக்கா தாலி, சார்!

1961-ஓடு பெரிய சலாபம் நின்றுபோனது. அதனால் என்ன, நாம இப்போ வேறு கடலில் குளிக்கிறோம். வ.உ.சி. துறைமுகத்தில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரி டிரைவர் முதல் மொட்டை மாடி ரூம் பேச்சிலர் வரை எல்லார் கையிலும் போன். 'ஒரே ஒரு கேம் மாப்ளே' என்று ராத்திரி பத்து மணிக்கு இறங்கியவன் நிமிரும்போது, பால்காரர் மணி அடிக்கிறார்.

இப்படியெல்லாம் வரும் என்று கதாசிரியர்கள் எப்பவோ எழுதிவிட்டார்கள். 1935-லேயே ஸ்டான்லி வெய்ன்பாம் ஒரு கண்ணாடியைக் கற்பனை செய்தார். மாட்டினால் படத்துக்குள்ளேயே போய்விடலாம். வாசனை, ருசி எல்லாம் உண்டு. கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் உள்ளே பார்த்த பெண்ணை மறக்க முடியாமல் தவிக்கிறான்.

1950-ல் ரே பிராட்பரி எழுதிய 'தி வெல்ட்' இன்னும் பயங்கரம். பிள்ளைகளுக்கு அப்பா அம்மா ஒரு மாய அறை கட்டிக் கொடுக்கிறார்கள். சுவரெல்லாம் ஆப்பிரிக்கா, சிங்கங்கள். பிள்ளைகள் அதிலேயே கிடக்க, பயந்துபோன அப்பா அறையை மூடப் பார்க்கிறார். கடைசியில் சிங்கத்துக்குத் தீனி கிடைத்துவிடுகிறது!

தப்பு அறை மேல் மட்டுமா? வளர்க்கிற வேலையைச் சுவரிடம் ஒப்படைத்துவிட்டு, கயிற்றிலிருந்து கையை எடுத்தது யார்?

நம்ம பசங்க விரும்பிப் பார்க்கும் ஜப்பான் தொடர் 'ஸ்வோர்டு ஆர்ட் ஆன்லைன்'. அதில் 10,000 பேர் விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே வர பட்டனே இல்லை. அவர்கள் உடம்பை ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதால்தான் கதையே நடக்கிறது. கயிறு!

ஸ்பீல்பெர்க்கின் 'ரெடி பிளேயர் ஒன்' (2018) படத்தில், ஜெயித்த ஹீரோ அந்த மாய உலகத்துக்கு வாரம் இரண்டு நாள் லீவு விடுகிறான். சிரிக்காதீங்க, நம்ம ஊரிலும் அதைச் செய்து பார்த்தார்கள். காசு வைத்து ஆடி, கடன்பட்டு உயிரை விட்டவர்கள் கொஞ்சமல்ல. அதனால் தமிழக அரசு 2025-ல் பண விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே வருஷம் ஜூன் மாதம் 'சரி' என்றது. ஆகஸ்டில் பண விளையாட்டையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

காசு வைக்காத ஆட்டம்? அதற்குச் சர்க்கார் பூட்டு கிடையாது. ஆடுகிறவர் எல்லோரும் நோயாளி இல்லைதான். நிறுத்த முடியவில்லை, மற்ற வேலையெல்லாம் இரண்டாம்பட்சம், கெடுதல் தெரிந்தும் தொடர்வது... இந்த மூன்றும் சேர்ந்து, பெரும்பாலும் ஒரு வருஷமாவது நீடித்தால்தான் கோளாறு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-ல் அதை நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014-லேயே இதற்கென்று கிளினிக் திறந்தாச்சு.

முத்துக் குளிப்பவர் கடலைத் திட்டவில்லை. இறங்குவதற்கு முன் கயிறு யார் கையில் என்று பார்த்துக்கொண்டார். நாமும் பார்க்கலாமே. 'மணி பதினொண்ணு, படுடா' என்று சொல்ல ஒருத்தர் போதும். அம்மா, மனைவி, யாராக இருந்தாலும் சரி.

பேச்சிலர்கள் மச்சான் வேண்டுமே என்று அவசரப்பட்டுக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம். ரூம்மேட் போதும். ஒரே கண்டிஷன்: அவனும் அதே ஆட்டத்தில் உங்க டீமில் இருக்கக் கூடாது!