துருக்கி – இஸ்ரேல் உறவு: தூதரும் வணிகக் கப்பலும்

துருக்கி என்றதும் நம் பெரியோர்க்குக் கிலாபத் இயக்கமே நினைவுக்கு வரும். கலீபாவின் பதவி காக்கப்பட வேண்டுமெனத் தமிழக முஸ்லிம்களும் காந்தியடிகளோடு நின்று குரல் கொடுத்தனர். அப்பதவியை 1924 மார்ச்சில் துருக்கியரே ஒழித்தனர். அந்தப் பழைய பற்றோடு நோக்குவோர்க்கு, இஸ்ரேலை அங்கீகரித்த முதல் முஸ்லிம் நாடும் துருக்கியே என்பது வியப்பளிக்கும். அவ்வுறவின் ஏற்றத்தாழ்வுகளை ஈண்டு நோக்குவோம்.

1947இல் பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானத்தைத் துருக்கி எதிர்த்தே வாக்களித்தது. ஆயினும் 1949 மார்ச்சில் இஸ்ரேலை ஏற்றுக்கொண்டது. இம்மாற்றத்துக்குப் பெருங்காரணம் சோவியத் அச்சம். கருங்கடலின் வாயிலாகிய நீரிணைகளில் தளம் அமைக்க ஸ்டாலின் இடம் கேட்டார். அமெரிக்காவின் துணையை நாடிய துருக்கி அரசு மேலை நாடுகளின் வழியே சென்றது. 1952இல் நேட்டோவிலும் சேர்ந்தது.

அதன்பின் சினம் எழுந்தபோதெல்லாம் துருக்கி தூதரின் தகுதியையே குறைத்துக் காட்டியது. 1956இல் சூயஸ் போரையொட்டித் தூதரைத் திரும்ப அழைத்தது. ஜெருசலம் முழுவதும் தன் தலைநகரென இஸ்ரேல் 1980இல் சட்டமியற்றியபோது, உறவை இரண்டாம் செயலாளர் நிலைக்குத் தாழ்த்தியது. 1991இல் மீண்டும் உயர்த்தியபோது பாலஸ்தீனத்துக்கும் அதே தகுதியை வழங்கியது. தராசின் இரு தட்டையும் ஒருசேர உயர்த்தும் வித்தை அது!

நெருக்கம் உச்சம் பெற்றது 1996இல். இராணுவப் பயிற்சி உடன்படிக்கையும் தடையற்ற வணிக உடன்படிக்கையும் அவ்வாண்டு கையெழுத்தாயின. குர்து கிளர்ச்சியாளரின் தலைவருக்குச் சிரியா புகலளித்தமையால், சிரியாவின் பகைவன் துருக்கித் தளபதிகளுக்கு நண்பனானான். இஸ்ரேலோடு உறவு கூடாதென முழங்கிவந்த நஜ்முத்தீன் எர்பகான் ஜூனில் பிரதமரானார். அவர் ஆட்சியிலேயே, ஆகஸ்டில், இராணுவத் தளவாடத் துறை ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. அன்று படைத்தளபதிகளின் கை ஓங்கியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

2010 மே 31 அன்று, காஸாவுக்கு உதவிப்பொருள் கொண்டுசென்ற கப்பல் அணியில் மாவி மர்மரா என்னும் கப்பலுள் இஸ்ரேலியப் படை புகுந்தது. ஒன்பதின்மர் உயிரிழந்தனர், காயமுற்ற மற்றொருவர் 2014இல் இறந்தார். 2011இல் இஸ்ரேலியத் தூதரைத் துருக்கி வெளியேற்றியது. இராணுவ உடன்படிக்கைகளை நிறுத்தியது. வணிக உடன்படிக்கையை மட்டும் தொடவில்லை. தூதர் இல்லாத அவ்வாண்டுகளில் வணிகம் பெருகவே செய்தது. 2013இல் நெதன்யாகு மன்னிப்புக் கேட்டார். 2016இல் 2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இசைவு ஏற்பட்டது. 2018இல் மீண்டும் பிணக்கு. 2022இல் மீண்டும் இணக்கம். 2023 நவம்பரில் காஸாப் போரையொட்டித் துருக்கி தன் தூதரைத் திரும்ப அழைத்தது. சரக்குக் கப்பல்களோ நிற்கவில்லை. அவ்வாண்டு இருநாட்டு வணிகம் ஏறத்தாழ 680 கோடி டாலர்.

இம்முரண்பாட்டைத் துருக்கி மக்களே கேள்விக்குள்ளாக்கினர். 2024 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் எர்தோகனின் கட்சி பின்னடைவு கண்டது. விலைவாசி உயர்வு அதற்கு முதற்காரணம் எனலாம். ஆயின் இஸ்ரேலுக்குச் சரக்கு செல்வதைச் சாடிய ஒரு கட்சி சான்லியுர்பா நகரை வென்றது. அக்கட்சியின் தலைவர் எர்பகானின் மகன் பாத்திஹ். ஏப்ரலில் 54 வகைப் பொருள்களின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. மே 2 அன்று வணிகம் முழுவதையும் நிறுத்தியது. அவ்வணிகத்தில் துருக்கியின் ஏற்றுமதியே மிகுதி. தன் வணிகர்க்கு இழப்பு நேருமென அறிந்தே எடுத்த முடிவு அது.